கோர்ட்டுக்குப் போன மாமன் சீர்

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். தொழில்நோய்க்கு இழப்பீடு கேட்கும் மனு ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, தொழிலாளி பேருன்னு ஒரு பெட்டி இருக்கு. அதுல ஒரு பேருதான் எடுக்குது. இவரு ரெண்டு பேரு சொல்றாரு. எதப் போடறது?”

“எதெது?”

“சம்பளம் வாங்குன பேரு ஒண்ணு. வூட்டுல வச்ச பேரு ஒண்ணு.”

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். “ரெண்டையும் போடாத. அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு. நா நாளைக்கு வரேன்” என்று சொன்னேன். மறுநாள் போனேன். ஆனால் போய்ச் சொன்னதில் பாதிதான் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. மீதியை எழுதிக் கொடுங்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். கடலூர் முதுநகர். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில் ஏறியவன். சூரத்தில் சாயப்பட்டறை, பெல்லாரியில் கல் அரைவை மில், விசாகப்பட்டினத்தில் கப்பலுக்குத் துரு சுரண்டும் வேலை. எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. சூரத்தில் என் பெயர் ரமேஷ். ஏனென்றால் ரமேஷ் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை, அவன் அட்டை சும்மா கிடந்தது. பெல்லாரியில் சீனிவாசுலு என்று ஒருவர். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் பெயரில் ஒரு தடவை எனக்கு மலேரியா வந்தது.

நாற்பது வயதுக்கு மேல் ஊர் திரும்பினேன். செம்மண்டலத்தில் ஸ்டெல்லா என்று ஒரு வக்கீல் அம்மா. தொழிலாளிகள் கேஸ் மட்டும்தான் நடத்துவார். அவரிடம் ஒரு கேஸில் சாட்சி சொல்லப் போனேன். மழை பெய்தது. நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். பதினெட்டு வருடம் கழித்துத்தான் எழுந்தேன்.

வக்கீல் அம்மா வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். யார் உள்ளே வந்தாலும் ஒரே மூச்சில் சொல்லுவார்: “வாங்க, உக்காருங்க, பொய் சொல்லாதீங்க.” தபால்காரருக்கும் அதேதான். வந்தவர் பேசும்போது பென்சில் சீவிக்கொண்டிருப்பார். அந்தப் பென்சிலால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கதையை மூன்று தடவை சொல்லச் சொல்லுவார். முதல் தடவை நீங்கள் சொல்கிறபடி. இரண்டாவது, உங்கள் முதலாளி சொன்னால் எப்படிச் சொல்லுவாரோ அப்படி. மூன்றாவது, தேதியை மட்டும். பென்சில் சீவுவது எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில்தான் கேஸ் இருக்கிறது என்று நான் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. கோபம் வந்தால் திட்ட மாட்டார். “அப்புறம்?” என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நான் சூரத் மேஸ்திரியின் செருப்பைவிட அதிகம் பயந்தேன்.

என் வேலை மனு எழுதுவது, நோட்டீஸைப் பதிவுத் தபாலில் போட்டு ஒப்புகை அட்டை திரும்பி வரும் வரை காவல் காப்பது, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் உட்கார வைப்பது. மிஷினில் கை போனவன் கேஸ் சுலபம். கையை மேஜை மேல் வைத்தால் போதும். தொழில்நோய் அப்படி இல்லை. நோய் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அது அந்த வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். அந்த வேலையை இந்த ஆள்தான் செய்தார் என்று காட்ட வேண்டும். முதல் இரண்டுக்கும் டாக்டர் உண்டு. மூன்றாவதுக்கு யாரும் கிடையாது. முதலாளிகள் பெரும்பாலும் ஒரே பதில்தான் போடுவார்கள்: “இவர் பீடி குடிப்பவர்.” ஒருவர் வீட்டு ஊதுபத்தியால் வந்த நோய் என்று பதில் போட்டார். வக்கீல் அம்மா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு இரண்டு பென்சில் சீவினார்.

இனி அந்தக் கேஸ்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்தார். வாசலில் மூன்று படி. ஏறியதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் அகலம், சட்டை தொளதொள. சுமைதூக்கி ஒருவர் உள்ளுக்குள்ளேயே சுருங்கிவிட்ட மாதிரி இருந்தார். நாலு வார்த்தை பேசுவார், நிறுத்துவார். அவர் பேச்சில் எங்கே கமா போடுவது என்பதை நுரையீரல்தான் முடிவு செய்தது.

வேலை, சக்கைக் கிடங்கில். கரும்பு பிழிந்த சக்கையைக் கட்டாகக் கட்டி அடுக்கி வைப்பார்கள். காகித ஆலைக்கு லாரியில் போகும். புதுச் சக்கை ஒன்றும் செய்யாது. மழையில் நனைந்து, மாதக்கணக்கில் உள்ளே புழுங்கி, பூஞ்சை பிடித்த கட்டைப் பிரிக்கும்போதுதான் வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் குளிர் ஜுரம். காலையில் சரியாகிவிடும். மறுபடியும் கட்டு, மறுபடியும் ஜுரம். அங்கே அதற்குச் சக்கை ஜுரம் என்றே பெயர். பாதுகாப்புக்கு முதலாளி வாரம் ஒரு வெல்லக்கட்டி கொடுப்பார். வெல்லம் தின்றால் தூசி வயிற்றுக்குப் போய்விடும், நெஞ்சில் தங்காது என்பது அவர் கொள்கை. மூக்குக்குச் சொந்தத் துண்டு. இப்படி ஏழு வருடம்.

“நாலு மாசமா வேலைக்குப் போவல. டாக்டரு வூட்டுக்கே ஆக்சிஜன் மிஷினு வாங்கி வச்சிக்கோன்னுட்டாரு. ராத்திரில மூச்சு வுட்டுப் போச்சுன்னா, காலையில வராதுன்னாரு.”

இதுதான் அவருக்கு வேண்டியது. அந்த மிஷின். வாங்க வழியில்லை.

நான் படிவத்தை எடுத்தேன்.

“பேரு?”

“தனகோடி.”

“அப்பா பேரு?”

கொஞ்சம் யோசித்தார். மூச்சுக்கு நிற்கிறார் என்று நினைத்தேன். அப்பா பெயருக்கு யோசிக்கும் ஆளை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“அது கார்டுல இருக்கும் பாருங்க” என்று சம்பள அட்டையை நீட்டினார்.

அட்டையில் இருந்த அப்பா பெயர், தேவனாம்பட்டினம் முகவரி எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். ‘தனகோடி’ என்று கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. ஏழு வருடம் சம்பளப் பதிவேட்டில் போட்டுப் பழகியது. வக்கீல் அம்மா அன்றைக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தார். மூன்று தடவை கதை கேட்க ஆள் இல்லை.

மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. மருத்துவக் குழு பரிசோதிக்கட்டும் என்று உத்தரவு. ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. அவர் எதிரே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இருமி முடிக்கும் வரை காத்திருந்து வாசித்தேன்:

“நுரையீரல்கள் தெளிவாக உள்ளன. மூச்சுத்திறன் சராசரிக்கும் மேல். கடின உடலுழைப்புக்குத் தகுதியானவர்.”

“யாரு?” என்றார்.

“நீங்கதான். எப்ப போனீங்க ஆஸ்பத்திரிக்கு?”

“நா எங்க போனேன்? லெட்டரு வரும்னு நீங்கதான சொன்னீங்க? எனக்கு வரவே இல்லியே.”

உள்ளே பென்சில் சத்தம் நின்றது. வக்கீல் அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“உங்க பேரு என்ன?”

“எந்தப் பேரும்மா? வூட்டுலயா, வேலையிலயா?”

“உங்க சம்சாரம் சண்டை போடறப்ப எந்தப் பேரச் சொல்லித் திட்டுவாங்க?”

“முருகவேலு.”

“அதான் பேரு. தனகோடி யாரு?”

“தெரியாதும்மா. எனக்கு முன்னாடி ரெண்டு மாசம் வேல செஞ்சவரு. நின்னுட்டாரு. ரிஜிஸ்டர்ல அந்தப் பேரு இருந்துச்சு. மேஸ்திரி சொன்னாரு, ஆளு மாறலாம், பேரு மாறக் கூடாது, எழுத்து வேல ஜாஸ்தியாவும், நீ தனகோடியாவே இருன்னு. இருந்தேன்.”

“எங்ககிட்ட ஏன் அந்தப் பேரு சொன்னீங்க?”

“நோவு அந்தப் பேர்லதானம்மா வந்துச்சு?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வக்கீல் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஏகாம்பரம், நீங்க எத்தன பேர்ல வேல செஞ்சீங்க?”

“நாலும்மா.”

“அப்புறம்?”

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

மறுநாள் தேவனாம்பட்டினம் போய் நிஜத் தனகோடியைக் கண்டுபிடித்தேன். படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் வேலை. பெரிய உருவம். ஐஸ் பாளத்தை மார்போடு அணைத்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

“தனகோடிங்களா?”

“ஆமா. ஆஸ்பத்திரிலேர்ந்தா? மறுபடியும் வரணுமா?”

“மொதல்ல ஏன் போனீங்க?”

“இன்னா கேக்கறீங்க? கெவருமெண்டு லெட்டரு. எம் பேரு, எங்கப்பா பேரு, கதவு நம்பரு மொதக்கொண்டு போட்டு வந்துருக்கு. போவாம இருப்பாங்களா? ஆதார் பாத்தாங்க, சரின்னாங்க. ஒரு கொழாய வாயில வச்சி ஊதச் சொன்னாங்க. ஊதினேன். இன்னொருக்கா ஊதுங்கன்னாங்க. ஊதினேன். பக்கத்து ரூமு டாக்டர்லாம் வந்து பாத்தாங்க. ஒரு சுகர் டெஸ்டும் எடுத்துக் குடுத்தாங்க. நல்ல மனுசங்க.”

ஆஸ்பத்திரியில் ஒரு தப்பும் இல்லை. பெயர் சரி, முகவரி சரி, ஆதார் சரி. நுரையீரல் மட்டும் வேறு ஆளுடையது. தப்பு முழுக்க என் பேனாவில்.

விஷயத்தைச் சொன்னேன். ஐஸ் பாளத்தைக் கீழே வைத்தார்.

“நா அங்க ரெண்டு மாசம்தான் இருந்தேன். நாத்தம் புடிக்கல, ஓடியாந்துட்டேன். எம்பேரு ஏழு வருசம் லீவு போடாம வேல செஞ்சிருக்கா? எங்க வூட்டுக்காரிகிட்ட சொன்னா நம்பவே மாட்டா.” சிரித்தார். பிறகு, “அவுரு எப்டி இருக்காரு?” என்றார்.

“மூணு படி ஏறுனா உக்காரணும்.”

“எம்பேர்லயா?”

“உங்க பேர்லதான்.”

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். “எங்க வந்து சொல்லணும்னு சொல்லுங்க. வரேன். ஒரு நாளு ஐஸு இல்லன்னா மீனு செத்தா போயிடும்? ஏற்கெனவே செத்ததுதான.”

மனுவைத் திருத்திப் போட்டோம். முருகவேலை நானே கூட்டிப்போய்ப் பரிசோதிக்க வைத்ததில், சக்கைத் தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று வந்தது. டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயரை முருகவேல் மனப்பாடம் செய்துகொண்டார். ‘பகாசோசிஸ்.’ “இந்தப் பேர மட்டும் மாத்திச் சொல்லிடக் கூடாதுண்ணே” என்றார்.

முதலாளி பதில் போட்டார். “முருகவேல் என்று எவரையும் நாங்கள் அறியோம். தனகோடி எங்கள் தொழிலாளி. அவர் நல்ல உடல்நலத்துடன் இருப்பதற்கு மனுதாரரே மருத்துவ அறிக்கை பெற்றுத் தாக்கல் செய்துள்ளார்.” எங்கள் அறிக்கையையே எங்கள் மேல் எறிந்தார்.

தனகோடி வந்து ‘நான் இரண்டு மாதம்தான் இருந்தேன்’ என்று சொல்லலாம். அதனால் மீதி ஏழு வருடம் முருகவேல் இருந்தார் என்று ஆகிவிடாது. கூட வேலை செய்தவர்கள் இன்னும் அங்கேதான் வெல்லம் வாங்குகிறார்கள், சாட்சிக்கு வர மாட்டார்கள். வக்கீல் அம்மா பென்சிலைச் சீவியபடி கேட்டுக்கொண்டே வந்தார். அட்டை உண்டா? வேறு பெயர். பேங்கு? கையில்தான் சம்பளம். போட்டோ?

“போட்டோ இல்லம்மா. ஒரு கொடம் இருந்துச்சு.”

பென்சில் நின்றது.

ஆயுத பூஜைக்கு அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம். வருடத்தில் அதிகக் கட்டு ஏற்றியவருக்கு எவர்சில்வர் குடம். ஒரு வருடம் முருகவேலுக்கு. பாத்திரக் கடையில் குடத்தில் பெயர் வெட்டும்போது ‘தனகோடி’ என்று வெட்டவில்லை. வெட்டியிருந்தால் மொத்தக் கிடங்கும் சிரித்திருக்கும். அங்கே எல்லோருக்கும் அவர் முருகவேல்தான். பதிவேடு, வந்து பார்க்கும் ஆபீசருக்கு. குடம், ஊருக்கு.

“குடம் எங்க?”

“செதம்பரத்துல. தங்கச்சி பொண்ணு வயசுக்கு வந்தப்ப, மாமன் சீரா வச்சிட்டேன்.”

“போய் வாங்கிட்டு வாங்க.”

முருகவேல் முகம் மாறிவிட்டது. “சீரு வச்சதத் திருப்பிக் கேக்கறதா? செத்தாலும் கேக்க மாட்டேம்மா.”

“செத்தா நீங்க கேக்க வேணாம். உங்க சம்சாரம் வந்து இதே நாற்காலில உக்காந்து கேப்பாங்க.”

  முருகவேல் என்னைக் காட்டினார். “இவர அனுப்புங்க. நா கேட்டதா இருக்க வேணாம்.”

சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மழைக்குத் தண்ணீர் ஏறும் தெரு என்பதால் வீட்டை மேடாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் ஒன்பது படி, செங்குத்தாக. தங்கை பெயர் செல்வி. அவள் புருஷன் ராஜமாணிக்கம், சைக்கிள் கடை. விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“சீரு வச்ச கொடத்தத் திருப்பிக் கேக்கறாரா என் மச்சான்?”

“அவர் கேக்கல. கோர்ட்டுல கேக்கறாங்க.”

“கோர்ட்டு இன்னா எம் பொண்ணுக்கு மாமனா? நாலு தெரு பாக்க மேளம் வச்சிக் கொண்டாந்தது. இப்ப நீ பையில போட்டு எடுத்துக்கினு போனா, பாக்கறவன் இன்னா சொல்லுவான்? கொடத்துக்கே வக்கில்லாம வாங்கிக்கினு போயிட்டாங்கம்பான். நாளைக்கு வளையலக் கேப்பாரு. நாளான்னிக்குப் பொண்ணு தின்ன புட்டக் கேப்பாரு.”

செல்வி கதவோரம் நின்றிருந்தாள். “அண்ணனுக்கு ரொம்ப முடியலீங்களா?”

“இந்தப் படி ஏற முடியாதும்மா. அதான் நா வந்தேன்.”

 அவள் புருஷனைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினாள். பழைய சேலையில் கட்டி வைத்திருந்த குடத்தை இறக்கித் துடைத்தாள். கழுத்துக்குக் கீழே கிடங்கின் பெயர், வருடம். அடுத்த வரியில் “சக்கை ஏற்றியதில் முதலிடம். மு. முருகவேல்.” அதற்கும் கீழே, வேறு கடையில் வெட்டிய எழுத்து: “கவிதாவுக்கு மாமன் சீர்.”

“பொண்ணு கல்யாணத்துக்கு வைக்கிற கொடம் இது” என்றார் ராஜமாணிக்கம். “பத்து நாளு. பதினோராம் நாளு நா கடலூரு வந்து அந்த ஜட்ஜுகிட்டயே கேப்பேன்.”

“பத்தே நாள்” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“இன்னொண்ணு. திரும்பி வரப்ப மச்சான் கையாலதான் வரணும். மாமன் சீர மாமன்தான் தூக்கியாரணும். வேற ஆளு எடுத்தாந்தா வாசல்லியே திருப்பி அனுப்புவேன்.”

விசாரணையில் குடத்தை மேஜை மேல் வைத்தபோது கேஸை விசாரிக்கும் ஆபீசர் பைல்களை நகர்த்தி இடம் கொடுத்தார். ‘சான்றுப் பொருள் 1’ என்று அடியில் சிவப்பு பெயிண்டில் எழுதினார்கள்.

தனகோடி முதலில் வந்தார். எதிர் வக்கீல், “உமக்கு மூச்சுத்திணறல் உண்டா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. ஊதிக் காட்டவா?”

“வேண்டாம்” என்றார் ஆபீசர் அவசரமாக.

அடுத்து முதலாளி. வெள்ளை வேட்டி, வாட்ச். குடத்தை ஏற இறங்கப் பார்த்தார். கடையில் யார் வேண்டுமானாலும் குடம் வாங்கி எந்தப் பெயரையும் வெட்டிக்கொள்ளலாம், அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார். எதிர் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். நான் முருகவேலைப் பார்த்தேன். அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் அம்மா எழுந்து குடத்தைக் கையில் எடுத்தார். விரலால் சுண்டினார். முகத்தைச் சுளித்தார்.

“நீங்க சொல்றது சரிதான். உங்கள மாதிரி ஆளு இதக் குடுத்துருக்க மாட்டீங்க. பழைய பேப்பருக்கு மாத்திக் குடுக்கற தகரக் கொடம் இது. தண்ணி ஊத்துனா நெளிஞ்சிடும்.”

“எது நெளியும்?” என்றார் முதலாளி.

எதிர் வக்கீல் பேசாதீர்கள் என்று தலையை ஆட்டினார். முதலாளி கவனிக்கவில்லை.

“புடிச்சா கையிலயே அமுங்குது பாருங்க” என்றார் வக்கீல் அம்மா.

“இன்னாம்மா பேசறீங்க? கெட்டிக் கொடம்மா அது! தராசுல வச்சி நிறுத்து வாங்குனது. கடக்காரன் லேசு கொடத்தத்தான் எடுத்துப் போட்டான். நா நின்னு, பின்னாடி அடுக்குலேர்ந்து எடுக்கச் சொல்லி வாங்குனேன். வருசா வருசம் நான்தான் வாங்குவேன். எவனாவது எங்கிட்ட லேசு கொடம் வாங்குனேன்னு சொல்லட்டும் பாப்போம்!”

 தட்டச்சு செய்கிறவர் தலையை நிமிர்த்தி, “கெட்டிக் கொடம்னு அப்படியே போடலாங்களா?” என்று கேட்டார்.

“அப்படியே போடுங்க” என்றார் ஆபீசர்.

வக்கீல் அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்தார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார், இடம் நினைவு வந்து திரும்ப உள்ளே போட்டார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். ஆனால் அதில் “தனகோடி என்கிற முருகவேல்” என்று வந்துவிட்டது. அப்படி ஒருவருக்கு உலகத்தில் எந்த பேங்கிலும் கணக்கு இல்லை. ‘என்கிற’வை எடுக்க ஒரு மனு, அதற்கு ஒரு நோட்டீஸ், அதற்கு ஓர் ஒப்புகை அட்டை. இடையில் நிஜத் தனகோடி வந்து, “வேணும்னா நா போயி வாங்கியாறட்டா? எனக்கு ஆதார் இருக்கு” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வக்கீல் அம்மா அவரை, “உக்காருங்க, பொய் சொல்லாதீங்க” என்று உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பினார்.

இரண்டு மழைக்காலம் கழிந்து மிஷின் வந்தது. முருகவேல் வீட்டில் அது ராத்திரியெல்லாம் மாவு மிஷின் மாதிரி ஓடும். முதல் நாள் அவர் தூங்கினார். அவர் சம்சாரம், சத்தம் நின்றுவிடுமோ என்று தூங்கவில்லை.

குடம் வரவில்லை.

அப்பீல் காலம் முடியும் வரை சான்றுப் பொருளைத் தர முடியாது என்றார்கள். முடிந்த பிறகு போனால், பைல் பதிவறைக்குப் போய்விட்டது, தேட வேண்டும் என்றார்கள். தேடினார்கள். பைல் கிடைத்தது. குடம் பைலில் இருக்குமா? பத்து நாள் நாலு வருடம் ஆனது. கவிதா கல்யாணம் குடம் இல்லாமல் நடந்தது. சீர் வரிசையில் அந்தக் குடத்துக்கு என்று ஓர் இடத்தை ராஜமாணிக்கம் காலியாக விட்டு வைத்தாராம். கேட்டவர்களிடமெல்லாம், “அது கோர்ட்டுல இருக்கு” என்றாராம். முருகவேல் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் சிதம்பரம் பக்கம் போக வேண்டியிருந்தால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

மாதம் ஒரு தடவை கேஸ் நடந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்பேன். காத்திருப்பேன். தாகமெடுத்தால் வராந்தாவில் ஒரு குடத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள், மொண்டு குடிப்பேன். திரும்பி வருவேன். நான் ஓய்வு பெறும் மாதம், கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன். அன்று குடத்தில் தண்ணீர் அடியில் கிடந்தது. சாய்த்து மொண்டேன். சுவர்ப் பக்கமாக இருந்த குடத்தின் முதுகு என் பக்கம் திரும்பியது.

“சக்கை ஏற்றியதில் முதலிடம்.”

நாலு வருடமாக நான் தேடிய குடத்திலிருந்தே, எத்தனை மாதமாகவோ தண்ணீர் குடித்திருக்கிறேன்.

பியூனைக் கூப்பிட்டேன். “பதிவறை கூட்டறப்ப கெடைச்சுது சார். பேரு போட்டிருந்துச்சு, யாரோ ஆபீசுக்கு அன்பளிப்பா குடுத்ததுன்னு நெனச்சேன். வேஸ்ட்டாப் போவுதேன்னு வச்சேன். தெனம் புளி போட்டு வெளக்கறேன் சார்.” நிஜமாகவே பளபளவென்று இருந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டு, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் போய் அவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக் கொடுத்தேன். அதில் பெயர் எதுவும் எழுதவில்லை.

கம்ப்யூட்டர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வீட்டுப் பெயரைப் போடு. வேலைப் பெயரை விவரத்தில் எழுது. அந்த வேலைப் பெயருக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், என்ன முகவரி என்று ஆஸ்பத்திரிக்கு எழுதும் முன் போய்ப் பார்த்துவிடு. அப்புறம், ஆயுத பூஜைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்க மறக்காதே.

குடம் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை முருகவேலைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனேன். மிஷின் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் தாங்குவார். சந்து முனையில் ஆட்டோ நின்றது. செல்விக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தோம். ஆனால் வாசலில், ஒன்பதாவது படியில், கையைக் கட்டிக்கொண்டு ராஜமாணிக்கம் நின்றிருந்தார்.

நான் குடத்தை வாங்கப் போனேன். “வுடுங்கண்ணே” என்றார் முருகவேல்.

ஒரு காலத்தில் கட்டு ஏற்றியதில் அவர்தான் முதல் என்று குடம் சொல்கிறது. இப்போது அந்தக் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு படி ஏறினார். நின்றார். கைப்பிடிச் சுவர் இல்லாத படி. இன்னும் இரண்டு. நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஐந்தாவது படியில் உதடு கறுத்துவிட்டது.

“போதும் மச்சான். அங்கயே வையி” என்றார் ராஜமாணிக்கம்.

முருகவேல் தலையை ஆட்டினார். ஆறாவது படி.

ராஜமாணிக்கம் கையை அவிழ்த்தார். மூன்று படி இறங்கி வந்தார். குடத்தைத் தொடவில்லை. சொன்ன சொல் மாறாத மனுஷன். முருகவேலின் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். குடத்தை முருகவேல் தூக்க, முருகவேலை ராஜமாணிக்கம் தூக்க, இருவரும் ஏறினார்கள்.

மேலே வந்ததும் முருகவேல் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்த கவிதா குடத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“மாமா, அடியில இன்னா இது? செவப்பா நம்பரு போட்டிருக்கு?”

அவர் மூச்சு திரும்பி வரும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

“அது,” என்றார். நிறுத்தினார். “நா வேல செஞ்சதுக்கு... ரசீது.”